ஐந்து லட்சம் பொற்காசும் ஒரு நிபந்தனைச் சொல்லும்

பிரான்சின் பதினான்காம் லூயிக்கு ஸ்பெயின் இளவரசி மரியா தெரேசா அத்தை மகள். மாமன் மகளும் அவரேதான். 1615இல் இரண்டு அரச குடும்பங்களும் பெண் கொடுத்துப் பெண் எடுத்ததால் வந்த முறை இது. ஸ்பெயினின் ஆன், பதின்மூன்றாம் லூயிக்கு வாழ்க்கைப்பட்டு பிரான்சுக்கு வந்தார். அந்த லூயியின் தங்கை எலிசபெத், ஆனின் தம்பி பிலிப்புக்கு வாழ்க்கைப்பட்டு ஸ்பெயினுக்குப் போனார். எந்தத் தரப்பும் முதலில் பெண்ணை அனுப்பத் தயாராக இல்லை. அதனால் எல்லையில் ஓடும் பிதசோவா ஆற்றில், இரு இளவரசிகளையும் ஒரே நேரத்தில் கைமாற்றினார்கள்.

அப்படிச் சம்பந்தம் செய்துகொண்டும் 1635இல் இரு நாடுகளுக்கும் போர் மூண்டது. அது முடிய 24 ஆண்டுகள் ஆயின. அதை முடித்துவைத்ததும் ஒரு கல்யாணம்தான். அரச கல்யாணம் ராஜதந்திரக் கருவியாக எப்படி வேலை செய்தது என்று புரிந்துகொள்ள, 1660இல் நடந்த இந்தக் கல்யாணத்தின் பத்திரத்தைப் படித்தாலே போதும். மாப்பிள்ளை, பெண்ணின் மனப்பொருத்தத்துக்கு அதில் இடமில்லை. யாருக்கு எந்த வாரிசுரிமை, எவ்வளவு பணம், எப்போது என்பதுதான் அதன் உயிர்.

முதலில் தொட்டில் நிலவரம் ஒத்துவர வேண்டும். அன்றைய பிரான்சில் பெண் அரியணை ஏற முடியாது. ஸ்பெயினில் மகன் இல்லாவிட்டால் மகள் ஏறலாம். மரியா தெரேசாவின் அண்ணன் 1646இல் இறந்துபோனதால் அவரே பட்டத்துக்கு உரியவராக இருந்தார். அவரை பிரான்சுக்குக் கொடுப்பது நாட்டையே சேர்த்துக் கொடுப்பதற்குச் சமம். 1657 நவம்பரில் அவருடைய தந்தை நான்காம் பிலிப்புக்கு மீண்டும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அதன் பிறகுதான் கதவு திறந்தது. மறு ஆண்டே பிரான்சின் முதலமைச்சர் கார்டினல் மஸாரின், லூயியை லியோன் நகருக்கு அழைத்துப்போய் சவாய் நாட்டு இளவரசியைப் பெண் பார்க்க வைத்தார். செய்தி மத்ரித்தை எட்டியதும் ஸ்பெயினின் தூதர் லியோனுக்கே வந்து சேர்ந்தார். வேறு இடத்தில் பெண் பார்ப்பதாகக் காட்டி நினைத்த இடத்தைப் படிய வைக்கும் உத்தி அது.

1659 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை, பிதசோவா ஆற்றின் நடுவிலுள்ள குட்டித் தீவில் மஸாரினும் ஸ்பெயினின் முதலமைச்சர் லூயிஸ் தெ ஆரோவும் 24 முறை சந்தித்துப் பேசினார்கள். நவம்பர் 7 அன்று சமாதான ஒப்பந்தமும் கல்யாண ஒப்பந்தமும் கையெழுத்தாயின. ஸ்பெயின் கேட்ட முக்கியமான உறுதி, மரியா தெரேசாவும் அவர் பிள்ளைகளும் ஸ்பானிய அரியணை மீதான உரிமையை முழுதாகத் துறக்க வேண்டும் என்பது. அதற்கு ஈடாக 5,00,000 பொற்காசு வரதட்சணை, மூன்று தவணைகளில்.

இரண்டையும் கோத்தது ஒரே பிரெஞ்சுச் சொல்: மொயெனான். ‘இன்னது கொடுக்கப்படும் பட்சத்தில்’ என்று பொருள். பணம் வந்தால் உரிமைத் துறப்பு செல்லும். வராவிட்டால் செல்லாது என்று வாதாட இடம் கிடைத்துவிட்டது. ஸ்பெயினின் கஜானா 1647இலும் 1652இலும் கடன் கொடுத்தவர்களுக்குக் கைவிரித்திருந்தது. தவணை தவறும் என்று கணிக்க ஜோசியம் தேவைப்படவில்லை.

இருவரும் ரத்த உறவு என்பதால் போப்பாண்டவரின் விலக்கு வேண்டும், அது வந்தது. 1660 ஜூன் 2 அன்று, ஸ்பெயினின் எல்லையோர ஊரான ஃபுவென்தெராபியாவில் மரியா தெரேசா துறப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் அங்கேயே கல்யாணம். மாப்பிள்ளை லூயி வரவில்லை. அவருக்குப் பதிலாக நின்றவர் ஆரோ. ஒரு மன்னர் இன்னொருவர் மண்ணில் கால் வைத்தால் கௌரவக் குறைவு. பெண்ணும் எல்லையைத் தாண்டும்போது கன்னியாக அல்ல, ராணியாகத் தாண்ட வேண்டும். பதிலாள் கல்யாணம் இரண்டு சிக்கலையும் ஒருங்கே தீர்த்தது.

ஜூன் 6 அன்று இரு மன்னர்களும் அதே தீவில் சமாதானத்துக்குச் சத்தியம் செய்தார்கள். மண்டபத்தின் நடுவே எல்லைக்கோடு. அவரவர் பக்கத்தில் அவரவர் கம்பளம். ஸ்பெயின் தரப்பின் ஏற்பாடுகளைக் கவனித்தவர் அரண்மனை அதிகாரியாகவும் இருந்த ஓவியர் வெலாஸ்கெஸ். 45 ஆண்டுகளுக்கு முன் இதே ஆற்றைக் கடந்து போன ஆன், தம்பி பிலிப்பை மறுபடி கண்டதும் அந்தத் தீவில்தான். ஜூன் 9இல் பிரான்சின் சான் ழான் தெ லூஸ் ஊரில் லூயியும் மரியா தெரேசாவும் நேரில் மணந்தார்கள்.

வரதட்சணை வராமலே போனது.

சொன்ன சீர் சொன்னபடி வராதது அந்தக் காலத்தில் அபூர்வமல்ல. பிரான்சோடு சமாதானமானதும் ஸ்பெயின் போர்ச்சுகல் மீது படையைத் திருப்பியது. துணை தேடிய போர்ச்சுகல், 1661இல் இளவரசி கேத்தரினை இங்கிலாந்து மன்னருக்கு நிச்சயித்தது. 20 லட்சம் குருசாடோ என்ற போர்ச்சுகீசிய நாணயம், வட ஆப்பிரிக்காவில் தாஞ்சியர், இங்கே பம்பாய்: இதுதான் சீர். அழைத்துப்போகக் கப்பல்கள் லிஸ்பன் வந்தபோது பாதிப் பணம்தான் தேறியது. அதிலும் பெரும்பகுதி சர்க்கரையும் நகையும் பின்னர் பணமாக்கிக்கொள்ளும் உண்டியல் சீட்டும். பம்பாயை ஒப்படைக்க கோவாவின் போர்ச்சுகீசிய வைஸ்ராய் இழுத்தடித்தார். பொறுப்பேற்க வந்த ஆங்கிலச் சிப்பாய்களில் பெரும்பாலோர் கார்வாருக்கு அருகே அஞ்சுதீவில் காத்திருந்தே நோயில் மடிந்தார்கள். 1665இல்தான் பம்பாய் கைமாறியது.

பத்திரம் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் குழந்தைகளின் உயிருக்கு அதில் பிணை கிடையாது. 1661 நவம்பர் 1 அன்று பிலிப்பின் அந்த ஆண் குழந்தை இறந்தது. ஐந்து நாள் கழித்து இன்னொரு மகன் பிறந்தான். பின்னாளில் இரண்டாம் கார்லோஸ். அவன் தாய் மரியானா, பிலிப்பின் சொந்தத் தங்கை மகள். தாய்மாமனை மணந்தவர்.

ஒரே மூதாதையிடமிருந்து வந்த மரபணு, ஒருவரிடம் தாய்வழியாகவும் தந்தைவழியாகவும் சேர்ந்து இரட்டிப்பாகும் வாய்ப்பை மரபியலாளர்கள் ஓர் எண்ணாகக் கணக்கிடுகிறார்கள். அத்தை மகன், மாமன் மகளுக்குப் பிறக்கும் குழந்தைக்கு 0.0625. தாய்மாமன் மணத்தில் 0.125. கார்லோஸின் வம்சாவளியை ஸ்பானிய ஆய்வாளர்கள் 2009இல் கணக்கிட்டபோது கிடைத்தது 0.254. அண்ணன் தங்கைக்குப் பிறந்த குழந்தையின் 0.25ஐ விடச் சற்று அதிகம். பெற்றோரின் உறவு தரும் பங்கு பாதிதான். மீதி, சொத்து வெளியே போகாமலிருக்கத் தலைமுறை தலைமுறையாகச் செய்த சொந்தத் திருமணங்கள் சேர்த்துவைத்தது. கார்லோஸ் வாழ்நாளெல்லாம் நோயாளி. இரு முறை மணந்தும் பிள்ளையில்லை.

1665இல் பிலிப் இறந்ததுமே, பணம் வராததால் துறப்பு செல்லாது என்றது பிரான்ஸ். மூத்த தாரத்துப் பிள்ளைக்கே சொத்து என்ற பிராபான்ட் (அன்று ஸ்பெயின் ஆண்ட பெல்ஜியப் பகுதி) வழக்கத்தையும் துணைக்குக் கொண்டுவந்தது. எலிசபெத்தின் மகளான மரியா தெரேசா மூத்த தாரத்துப் பிள்ளை. கார்லோஸ் இளைய தாரத்தின் மகன். 1667இல் படை நகர்ந்தது. மறு ஆண்டு லீல் உள்ளிட்ட நகரங்கள் பிரான்சுக்குப் போயின. 1700 நவம்பர் 1 அன்று கார்லோஸ் இறந்தபோது, அவர் உயில் மரியா தெரேசாவின் பேரன் பிலிப்பை வாரிசாக்கியது. இரண்டு அரியணைகளும் ஒரே குடும்பத்தின் கையில் சேர்ந்துவிடும் என்ற அச்சத்தில் ஐரோப்பா 1714 வரை போரிட்டது.

சமாதானம் பேசியபோது, பிலிப் ஸ்பெயினை வைத்துக்கொள்ளலாம், பிரெஞ்சு அரியணையைத் துறக்க வேண்டும் என்று முடிவானது. 1712இல் அவர் மத்ரித்தில் ஸ்பானிய நாட்டவையின் முன் சத்தியம் செய்தார். 1713இல் பாரிஸ் பார்லமெண்ட் என்ற உயர் நீதிமன்றம் அதைப் பதிவேட்டில் ஏற்றியது. இந்த முறை துறப்பை எந்த வரதட்சணையோடும் கோக்கவில்லை.