த்ரஸ்ட் புளொக்: உதைப்புத் தாங்கு கட்டை

அழுத்தத்தோடு நீர் போகும் குழாய் திரும்பும் இடத்தில், வளைவின் வெளிப்பக்கமாக மண்ணோடு முட்ட வைத்துப் போடும் கொங்கிறீட் கட்டைதான் த்ரஸ்ட் புளொக். ‘த்ரஸ்ட்’ என்பது தள்ளு, நெருக்கு என்று பொருள்படும் பழைய நோர்ஸ் வினையிலிருந்து வந்தது. ‘புளொக்’ முதலில் மரத்துண்டைக் குறித்தது. நம்முடைய ‘கட்டை’யும் அப்படித்தான்.

இதை ‘உந்துகட்டை’ என்று எழுதினால் கட்டையே உந்துவதாகிவிடும். தள்ளுவது நீர், தாங்குவது கட்டை. ‘முட்டுக்கட்டை’ அருமையான சொல். கொக்கட்டிச்சோலைத் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு, சில்லுக்குக் கட்டை கொடுப்பதை விளக்கத் தேவையில்லை. ஆனால் இன்று அதைக் கேட்டதும் ‘தடை’ என்றுதான் மனதில் படுகிறது. பள்ளிக்கூடத்துப் பௌதிகவியலில் ‘அப்த்ரஸ்ட்’டை ‘மேலுதைப்பு’ என்று படித்திருக்கிறோம். ஆகவே ‘உதைப்புத் தாங்கு கட்டை’ என்பதே என் தெரிவு.

ஓடும் நீர் வளைவில் மோதுவதால்தான் உதைப்பு வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. வால்வைப் பூட்டி நீர் அசையாமல் நின்றாலும் உதைப்பு இருக்கும், ஏனென்றால் அதைத் தருவது அழுத்தம். உதைப்பு விசையைக் காண, அழுத்தத்தைக் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கி, அதை வளைவுக் கோணத்தின் பாதிக்குரிய சைனின் இரு மடங்கால் பெருக்க வேண்டும். வெளிவிட்டம் 225 மில்லிமீற்றர், அழுத்தம் 10 பார், வளைவு 90 பாகை என்றால் விசை 56 கிலோநியூட்டன், அதாவது 5.7 தொன் எடை. நீர் செக்கனுக்கு 1.5 மீற்றர் வேகத்தில் ஓடினால் அதனோடு சேர்வது வெறும் 13 கிலோகிராம் எடையளவு. 45 பாகை வளைவில் விசை 30 கிலோநியூட்டனாகக் குறையும். றப்பர் வளையம் போட்டுச் செருகும் பிவிசி மூட்டு இந்த இழுப்பைத் தாங்காது, கழன்றுவிடும்.

அப்புறம் மண். உன்னிச்சைக் குளத்து நீர் மட்டக்களப்பு நகருக்கு வர, வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்நிலத்திலிருந்து, வாவி தாண்டி, கிழக்கே எழுவான்கரை மணலுக்கு வரவேண்டும். எல்லா இடத்துக்கும் ஒரே அளவுக் கட்டை சரிவராது. மண் சதுர மீற்றருக்கு 100 கிலோநியூட்டன் தாங்கினால் மேலே சொன்ன 90 பாகை வளைவுக்கு மண்ணில் முட்டும் முகப்பு 0.56 சதுர மீற்றர் வேண்டும். 50 தான் தாங்கும் என்றால் அதைப்போல இரு மடங்கு. பாதுகாப்புக் காரணி இதற்கு மேல். கணக்குக்கு எடுக்கவேண்டியது வழமையான அழுத்தத்தை அல்ல, அதைவிடக் கூடிய சோதனை அழுத்தத்தை. கட்டை கிண்டாத மண்ணில் முட்டவேண்டும், மூட்டுகளைக் கொங்கிறீட் மூடக்கூடாது, அது இறுகும்வரை அழுத்தச் சோதனையும் செய்யக்கூடாது.