ஒரே லொறி வரும் கரையில் மீன் விலை

பிடித்த சூரை மீன் ஐஸ் இல்லாமல் வெயிலில் அதிக நேரம் தாங்காது. திருகோணமலை மாவட்டத்தின் குச்சவெளிப் பக்கத்துக் கரையொன்றில் படகுகள் வந்து சேரும்போது ஒரே ஒரு வியாபாரியின் லொறிதான் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்வதுதான் விலை. இது கரையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் விலையைக் குறைப்பதோடு நிற்பதில்லை, மீனையும் குறைவாகத்தான் வாங்குகிறார். அது ஏன் என்பதைக் கணக்குப் போட்டால்தான் விளங்கும்.

கிலோவுக்கு 400 ரூபாய் கொடுத்தால் அன்றைக்கு 100 கிலோ வருகிறது. 420 கொடுத்தால், எண்ணெய்ச் செலவு கட்டுப்படியாகும் என்று இன்னும் ஓரிருவர் கடலுக்குப் போவார்கள். 110 கிலோ வரும். அந்த மேலதிக 10 கிலோவுக்கு அவருக்கு என்ன செலவு? 4,200 என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒருவருக்கு 420 கொடுத்துவிட்டுப் பக்கத்துப் படகுக்காரருக்கு 400 கொடுக்க முடியாது. முதல் 100 கிலோவுக்கும் 20 ரூபாய் கூட்ட வேண்டும். மொத்தச் செலவு 40,000இலிருந்து 46,200 ஆகிறது. அதாவது அந்தப் பத்துக் கிலோவில் ஒவ்வொரு கிலோவுக்கும் 620 ரூபாய்!

ஏற்றுக்கூலி போகக் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள பேலியகொடை மீன் சந்தையில் அவர் கைக்கு 600 நிற்கிறது என்றால், 400லேயே நின்றுவிடுவதுதான் அவருக்கு லாபம். 420க்குப் பிடித்துத் தர ஆள் இருக்கிறது, 600க்கு வாங்க ஆள் இருக்கிறது, மீன் மட்டும் கரைக்கு வருவதில்லை.

கொள்வனவுத் தனியுரிமை எனப்படும் இந்த நிலையை 1933இல் கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் ஜோன் ரொபின்சன் விரிவாக ஆராய்ந்தார். அதிலிருந்து வியப்பான ஒரு விளைவும் கிடைக்கிறது. 440க்குக் கீழே யாரும் வாங்கக் கூடாது என்று ஒரு விதி வந்தால் என்ன ஆகும்? 440க்கு எவ்வளவு மீன் வருகிறதோ, அதில் ஒவ்வொரு கிலோவுக்கும் அவருக்கு 440தான் செலவு. முதலில் வாங்கிய கிலோக்களுக்கும் கூட்டிக் கொடுக்க வேண்டுமே என்ற பயம் இல்லை. ஆகவே முன்பைவிட அதிகமாக வாங்குவார். விலையும் கூடும், அளவும் கூடும். விதியின் விலை 600ஐத் தாண்டினால் மட்டும் லொறி வராது.

கூலி கொடுத்து உழைப்பை வாங்கும் முதலாளிக்கும் இதே கணக்குத்தான். 1992இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டொலரிலிருந்து 5.05 ஆனது. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் அலன் குரூகரும் அங்குள்ள துரித உணவுக் கடைகளைப் பக்கத்துப் பென்சில்வேனியாக் கடைகளோடு ஒப்பிட்டார்கள். வேலைகள் குறையவில்லை. அந்த முடிவு பெரிய வாதத்தைக் கிளப்பியது. 2021இல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, இரண்டாவது லொறி ஏன் வருவதில்லை? தூரம் ஒரு காரணம். அதைவிடப் பெரியது கடன். எஞ்சினுக்கும் வலைக்கும் முற்பணம் வாங்கியவர், கொடுத்தவருக்கே மீனை நிறுக்க வேண்டும். வட்டி தனியாகத் தெரியாது, கிலோ விலைக்குள்ளேயே கழிந்துவிடும். இப்படிக் கட்டுப்பட்டவருக்குப் பத்து லொறி வந்தாலும் ஒரு லொறிதான். விலை விதி போட்டாலும் தராசிலும் தரம் பிரிப்பதிலும் அதைத் தின்றுவிடலாம். அதனால் விதியைவிட, எஞ்சினுக்கு வங்கிக் கடனும் கரையில் சங்கத்துக்குச் சொந்தமான ஓர் ஐஸ் அறையும்தான் முதலில் வேண்டும் என்பேன். மீனை நாளை வரை வைத்திருக்க முடிந்தால், வேறு லொறி வராத நாளிலும் அதே வியாபாரி 400க்கு மேலேதான் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கும்.