மாதிரிக்குச் சரி, மறைதரவுக்குத் தவறு: அணிப் புதிர்களில் எண்கள் எல்லை மீறும் இடங்கள்

கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆரம்பாக்கத்தில் தமிழ்நாடு முடிந்தாலும், தடாவிலும் சூளூர்பேட்டையிலும் வீட்டுக்குள் தமிழும் வகுப்பறையில் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் இன்றும் ஏராளம். அந்தக் குடும்பங்களிலிருந்து பொறியியல் படிக்கும் பிள்ளைகள் சிலருக்கு வார இறுதிகளில் நிரலாக்கப் பயிற்சி அளித்து வருகிறேன். வார நாட்களில் சென்னையில் மென்பொருள் பொறியாளராக இருக்கும் எனக்கு, வளாகத் தேர்வுகளுக்கான நிரல் வினாக்களைத் தயாரிப்பதும் விடைகளை ஆராய்வதும் பணியின் ஒரு பகுதி. இந்த இரண்டு இடங்களிலும் மாணவர்கள் ஒரே மாதிரியாகத் தோற்பதைப் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன். வினாவில் கொடுக்கப்பட்ட மாதிரித் தரவுக்கு நிரல் சரியான விடையைத் தருகிறது. தேர்வு நடத்துவோர் மறைத்து வைத்திருக்கும் தரவுகளில் பாதிக்கு மேல் தவறாகிறது. திரையில் "விடை தவறு" என்பதைத் தவிர வேறொரு சொல்லும் வருவதில்லை. மாணவர் தம் தர்க்கமே பிழை என்று முடிவு செய்து, சரியாக எழுதிய நிரலை முழுவதுமாக அழித்துவிட்டு வேறொன்றைத் தொடங்குகிறார். அவர் தர்க்கத்தில் குறை இருந்திருக்காது. எண் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஓர் எளிய வினாவை எடுத்துக்கொள்வோம். ஓர் அணியில், அதாவது எண்களை வரிசையாக அடுக்கி வைக்கும் அறைகளின் தொகுப்பில் (அர்ரே), ஒரு லட்சம் எண்கள் இருக்கின்றன. அடுத்தடுத்துள்ள எண்களை மட்டும் எடுத்து அமைக்கக்கூடிய உள்ளணிகள் எத்தனை? மொத்த எண்ணிக்கையை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். 500 கோடியே 50 ஆயிரம். இதையே ஜாவா நிரல்மொழியில் இன்ட் என்னும் முழு எண் வகை மாறிகளைக் கொண்டு எழுதினால், 70,50,82,704 என்று வரும். ஏனென்றால், இன்ட் வகைக்கு 32 பிட்டுகள்தான் உண்டு. அது தாங்கக்கூடிய மிகப் பெரிய எண் 214,74,83,647. வகுப்பதற்கு முன் பெருக்கல் நடக்கிறது, பெருக்குத்தொகை 1,000 கோடியே ஒரு லட்சம். 32 பிட்டுகளால் வேறுபடுத்திக் காட்டக்கூடிய 429,49,67,296 மதிப்புகள் அதிலிருந்து இரண்டு முறை சத்தமில்லாமல் கழிந்துபோக, எஞ்சுவது 141,01,65,408. அதில் பாதிதான் திரையில் தெரிகிறது.

இந்தத் தவறான விடை குறை எண்ணாக வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குறை எண் வந்திருந்தால் எந்த மாணவரும் சந்தேகப்பட்டிருப்பார். நேர் எண்ணாக, நம்பத்தக்க அளவில், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வருவதே இந்தப் பிழையின் இயல்பு. ஜாவாவில் இது மொழியின் விதிப்படியே நடக்கிறது. சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளிலோ குறியுள்ள முழு எண் எல்லை மீறினால் என்ன நடக்கும் என்பதற்கே மொழியின் விதிகளில் உத்தரவாதம் கிடையாது. பத்து எண்கள் கொண்ட மாதிரித் தரவுக்கு இதே நிரல் 55 என்று மிகச் சரியாகச் சொல்லிவிடும்.

"விடையை லாங் வகை மாறியில்தானே வைத்தேன்?" என்று பலர் கேட்பதுண்டு. ஜாவாவில் லாங் என்பது 64 பிட் முழு எண் வகை. வாங்கி வைக்கும் மாறி பெரியதாக இருந்து பயனில்லை. பெருக்கப்படும் இரண்டு எண்களும் இன்ட் வகையாக இருந்தால் பெருக்கலும் 32 பிட்டுக்குள்ளேயே நடந்து முடிந்து, கெட்டுப்போன எண்தான் பெரிய மாறிக்குள் வந்து சேரும். பெருக்குவதற்கு முன்பே ஒன்றையாவது லாங் ஆக்கிவிட வேண்டும். சி பிளஸ் பிளஸ் மொழியில் அணியின் கூட்டுத்தொகையைக் காண அக்யுமுலேட் என்னும் ஆயத்தச் செயற்கூறைப் பயன்படுத்துவோர், தொடக்க மதிப்பாக வெறும் பூஜ்யத்தைக் கொடுத்துவிட்டால், அணியின் உறுப்புகள் 64 பிட் எண்களாகவே இருந்தாலும் கூட்டல் இன்ட் வகையிலேயே சேர்ந்துகொண்டு போகும். அனுபவமுள்ளவர்களின் கண்ணுக்கும் எளிதில் தப்பிவிடும் இடம் இது.

எல்லைப்புறத்து மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்ப வற்புறுத்துவது, வினாவின் அடியில் வரம்புகள் என்ற தலைப்பில் வரும் இரண்டு வரிகளை முதலில் படியுங்கள் என்பதுதான். பள்ளியில் தமிழ் வழியிலோ தெலுங்கு வழியிலோ படித்துவிட்டு வந்தவர்கள், வினா ஆங்கிலத்தில் நீண்டு கிடப்பதைக் கண்டு தயங்கி, கதைப் பகுதியைத் தாண்டி மாதிரித் தரவுக்குப் போய், அதிலிருந்து வினாவை ஊகித்துக்கொள்கிறார்கள். வரம்பு வரிகள் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. ஆனால் முழு வினாவிலும் ஆங்கிலம் ஏறக்குறைய இல்லாத பகுதி அந்த வரிகள்தான். அங்கே இருப்பவை எண்களும் சிறியது, பெரியது என்ற குறிகளும் மட்டுமே. ஆங்கில வழியில் படித்தவருக்கு அந்த இடத்தில் எந்தச் சாதகமும் கிடையாது. பத்தின் ஐந்தாம் அடுக்கு என்பதை ஒரு லட்சம் என்றும், ஒன்பதாம் அடுக்கு என்பதை நூறு கோடி என்றும் ஓரமாக எழுதிக்கொண்டு தொடங்கினால், என்ன நிரல் எழுத வேண்டும் என்பதில் பாதி அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

எடுத்துக்காட்டாக, அணியில் இரண்டு லட்சம் எண்கள் வரை இருக்கலாம், ஒவ்வொன்றும் நூறு கோடி வரை இருக்கலாம் என்று வரம்பு சொல்வதாகக் கொள்வோம். ஒரு மடக்குக்குள் (லூப்) இன்னொரு மடக்கு வைத்து எல்லா இணைகளையும் சோதிப்பதென்றால் 4,000 கோடிச் செயல்கள் ஆகும். தொகுத்து இயக்கப்படும் மொழிகளில் நொடிக்குப் பத்துக் கோடி எளிய செயல்கள் என்பது தேர்வெழுதுவோர் கையாளும் தோராயக் கணக்கு, அதன்படி ஏறத்தாழ ஏழு நிமிடங்கள் பிடிக்கும். தேர்வில் தருவதோ ஓரிரு நொடிகள்தான். ஆகவே முதலிலிருந்து ஒவ்வோர் இடம் வரையிலான கூட்டுத்தொகைகளை முன்கூட்டியே கணித்து வைக்கும் முன்தொகை முறைக்கோ, அணியை ஒரே முறை கடந்து முடிக்கும் வேறொரு முறைக்கோ போக வேண்டும் என்பது நிரலைத் தொடங்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. அதே வரியிலிருந்து, முழுக் கூட்டுத்தொகை இரண்டு கோடி கோடி வரை போகும், இன்ட் போதாது, 64 பிட் லாங் தாராளமாகப் போதும் என்பதும் தெரிந்துவிடுகிறது. லாங் வகையின் உச்சம் 92,233 கோடி கோடிக்குச் சற்று மேல்.

மிகப் பெரிய கூட்டுத்தொகை உள்ள உள்ளணியைக் காணும் புகழ்பெற்ற வினாவிலும் இதே கவனம் வேண்டும். அணி முழுவதும் குறை எண்களாக இருக்கும்போது, உச்சத்தைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கிய நிரல் பூஜ்யம் என்று தவறாகச் சொல்லும். இதைத் திருத்துவதாக எண்ணி, ஓடும் கூட்டுத்தொகையையே இன்ட் வகையின் மிகச் சிறிய எண்ணிலிருந்து தொடங்குவோர் இருக்கிறார்கள். அதனுடன் இன்னொரு குறை எண்ணைக் கூட்டியவுடன் ஜாவாவில் அது மிகப் பெரிய நேர் எண்ணாகப் புரண்டுவிடும். அணியின் முதல் உறுப்பிலிருந்து தொடங்குவதே நேரான வழி.

லாங் வகையும் போதாத வினாக்கள் உண்டு. தொடர்பெருக்கம் என்னும் ஃபாக்டோரியலில் 12 வரைதான் இன்ட் தாங்கும், 20 வரைதான் லாங் தாங்கும். 100-இன் தொடர்பெருக்கத்துக்கு 158 இலக்கங்கள். இங்கே அணியே எண்ணாகிவிடுகிறது: ஒவ்வோர் அறையிலும் ஓர் இலக்கத்தை வைத்து, வலமிருந்து இடமாகப் பெருக்கி, மிகுதியை அடுத்த அறைக்குக் கடத்த வேண்டும், தொடக்கப் பள்ளியில் சிலேட்டில் செய்த அதே கணக்கு. அறைக்கு ஓர் இலக்கம் என்பதற்குப் பதில் ஒன்பது இலக்கங்களை வைத்தால் 158 இலக்கங்களும் 18 அறைகளில் அடங்கிவிடும், வேகமும் கூடும். ஆனால் ஒன்பது இலக்க அறையை 100 ஆல் பெருக்கும்போது இடைப்பட்ட பெருக்குத்தொகை 10,000 கோடியை நெருங்கும் என்பதால் அந்தக் கணக்கை மட்டும் லாங் வகையில் செய்ய வேண்டும். இலக்கங்களின் அணியாகத் தரப்பட்ட எண்ணுடன் ஒன்றைக் கூட்டும் சிறிய வினாவிலும், அணியை முழு எண்ணாக மாற்றிக் கூட்டிவிட்டு மீண்டும் பிரிக்கும் விடைகள் எங்களுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. நூறு இலக்கங்கள் வந்தால் அந்த முறை பலிக்காது. எல்லாம் ஒன்பதாக இருக்கும்போது அணிக்கு ஓர் அறை கூடுதலாக வேண்டும் என்பதைச் சோதிப்பதற்காகவே அந்த வினா வைக்கப்படுகிறது.

பெரிய விடையை முழுவதுமாகக் கேட்காமல், 100,00,00,007 ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் கேட்பது போட்டிகளில் பரவலான வழக்கம். இந்த எண் ஒரு பகா எண். இரண்டு மீதிகளைக் கூட்டினால் 200 கோடியே 12-ஐத் தாண்டாது என்பதால் இன்ட் தாங்கும், பெருக்கினால் 10,000 கோடி கோடியைச் சற்றே தாண்டும் என்பதால் லாங் தாங்கும். மூன்று மீதிகளை ஒரே மூச்சில் பெருக்கிவிட்டுக் கடைசியில் வகுப்பவர்களுக்கு லாங் வகையும் கைகொடுக்காது. ஒவ்வொரு பெருக்கலுக்குப் பின்னும் மீதி எடுக்க வேண்டும்.

இங்கே நான் அதிகம் காணும் தவறு வேறொன்று. மிகப் பெரிய பெருக்குத்தொகையைக் கண்டு அதன் மீதியைத் தருக என்று வினா இருந்தால், வழியிலேயே மீதிகளை எடுத்துவிட்டு அந்த மீதிகளை ஒப்பிட்டுப் பெரியதைத் தேர்ந்துவிடுகிறார்கள். 100,00,00,008 என்பதன் மீதி 1. 100,00,00,000 என்பதன் மீதி அந்த 100,00,00,000 தான். மீதிகளை ஒப்பிட்டால் சிறிய எண் வென்றுவிடும். ஒப்பீட்டை உண்மையான அளவுகளைக் கொண்டு முடித்துவிட்டு, அதன் பிறகே மீதி எடுக்க வேண்டும். கழித்தலில் குறை எண் வரலாம் என்பதால் அதிலும் ஒரு கண்ணி உண்டு: குறை ஏழை மூன்றால் வகுத்தால் பைத்தான் மீதி 2 என்கிறது, ஜாவாவும் சி மொழியும் குறை 1 என்கின்றன. கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட எண்ணால் மீதியின்றி வகுபடும் உள்ளணிகளை எண்ணும் வினாவில், முன்தொகையின் மீதியையே அணியின் சுட்டெண்ணாகப் பயன்படுத்துவோருக்கு இது நேரடியாகக் குழிபறிக்கும். மீதியுடன் வகுஎண்ணைக் கூட்டி மீண்டும் ஒருமுறை மீதி எடுத்தால் சரியாகிவிடும்.

பைத்தான் தெரிந்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை என்று மாணவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. அதன் முழு எண்களுக்கு நினைவகம் தவிர வேறு உச்சவரம்பு கிடையாது. ஆனால் இலக்கங்கள் பெருகப் பெருகக் கணக்கின் நேரமும் பெருகுகிறது. 2022 முதல் வந்த பதிப்புகளில் 4,300 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்ணை எழுத்துச் சரமாக மாற்ற முயன்றால், அமைப்பை மாற்றாத வரை, பிழைச் செய்திதான் வரும். நம்பை நூலகத்தின் அணிகளோ பைத்தானுக்குள் இருந்தாலும் நிலையான பிட் அளவு கொண்டவை. அவை ஜாவாவைப் போலவே சத்தமின்றிப் புரளும். ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான எண் வகையில் 9,00,71,99,25,47,40,992 வரைதான் எல்லா முழு எண்களும் துல்லியமாக இருக்கும். அதற்கு அடுத்த எண்ணை எழுதினாலும் இதுவே சேமிக்கப்படும்.

இவையெல்லாம் தேர்வுக்கு மட்டுமே உரிய நுணுக்கங்கள் என்று எண்ண வேண்டாம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் ராக்கெட்டுகளைப் பழவேற்காடு ஏரியின் இக்கரையிலிருந்து பார்த்து வளரும் பிள்ளைகளிடம் ஐரோப்பாவின் ஏரியன் 5 பற்றிச் சொன்னால் உடனே விளங்கிக்கொள்கிறார்கள். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து முதன்முறையாகப் புறப்பட்ட அந்த ராக்கெட், ஏறத்தாழ 40 நொடிகளில் சிதறியது. கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஒரு 64 பிட் மதிப்பை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அது 32,767 என்னும் உச்சத்தை மீறியதும், ஏரியன் 4-இல் பாதுகாப்பாக இருந்த அந்த மென்பொருள் பகுதி புதிய ராக்கெட்டின் வேகத்துக்கேற்ப மறுபரிசோதனை செய்யப்படாமல் எடுத்தாளப்பட்டதும் காரணங்கள். ஜாவாவின் சொந்த நூலகத்தில் இருந்த, வரிசைப்படுத்திய அணியைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் இருமத் தேடல் செயற்கூறிலும், தொடக்கச் சுட்டெண்ணையும் இறுதிச் சுட்டெண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்கும் வரி மிகப் பெரிய அணிகளில் எல்லை மீறும் என்பது ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழித்தே தெரியவந்து, 2006-இல் அந்தச் செயற்கூறை எழுதியவரான ஜாஷுவா பிளாக் அதை வெளிப்படையாக எழுதினார். இரண்டின் வேறுபாட்டில் பாதியைத் தொடக்கச் சுட்டெண்ணுடன் கூட்டினால் அந்தச் சிக்கல் வராது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: நூற்றுக்கணக்கான புதிர்களின் விடைகளை மனப்பாடமாகத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கும் பயிற்சி வகுப்புகளை நம்பிச் சேர்க்காதீர்கள். வினா தயாரிக்கும் நாங்கள் பழைய வினாவின் கதையை அப்படியே விட்டுவிட்டு வரம்பை மட்டும் ஆயிரத்திலிருந்து இரண்டு லட்சமாக மாற்றுகிறோம். மனப்பாட விடை அங்கேயே விழுந்துவிடும்.

நேரடி நேர்காணலில் வரம்புகளை நாங்களாகச் சொல்வதில்லை. அணியில் எத்தனை எண்கள் வரலாம், மிகப் பெரிய எண் எது, குறை எண் வருமா, வெற்று அணி வருமா என்று மாணவரே கேட்க வேண்டும். தமிழிலோ தெலுங்கிலோ தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்திலோ கேட்டாலும் அதற்கு மதிப்பெண் உண்டு. கேட்டுப் பெற்ற விடைகளைப் பலகையின் ஒரு மூலையில் எழுதி, பக்கத்திலேயே மிகப் பெரிய கூட்டுத்தொகை எவ்வளவு வரும் என்று பெருக்கிக் குறித்துவிட்டு, அதன் பிறகு முதல் மாறியை அறிவிக்கலாம்.