பெயரிலிப் பின்னூட்டம்

சமூக ஊடகங்களில் நிறுவனங்கள் கேட்கும் 'அனானிமஸ் ஃபீட்பேக்' என்பதற்குப் பெயரிலிப் பின்னூட்டம் என்பதே பொருத்தமான தமிழ். தான் யாரென்று சொல்லாமல் வாடிக்கையாளர் தரும் கருத்து அது.

'ஃபீட்பேக்' மின்னணுவியலில் புழங்கிய சொல். மின்சுற்றின் வெளியீட்டில் ஒரு பகுதியை மறுபடி உள்ளீட்டுக்கே அனுப்புவதைக் குறித்தது. 1927இல் அமெரிக்கப் பொறியாளர் ஹரால்ட் பிளாக் இந்த உத்தியால்தான், சைகையை வலுவாக்கும் பெருக்கியின் திரிபைக் குறைத்தார். 1948இல் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் இதை எந்திரங்களுக்கும் உயிர்களுக்கும் பொதுவான கோட்பாடாக விரித்தார். தமிழில் உண் என்ற வினையிலிருந்து ஊட்டு, ஊட்டம், அதன்வழி பின்னூட்டம். வலைப்பதிவுக் காலத்தில் இது நன்றாக வேரூன்றிவிட்டது. வெறும் 'கருத்து' என்றால் இந்தப் பொருள் வராது. வந்த குறை, அந்த வேலையைச் செய்பவரிடம் போய்ச் சேர்ந்து ஏதேனும் மாறினால்தான் அது பின்னூட்டம்.

'அனானிமஸ்' கிரேக்க வேர் கொண்டது: பெயர் இல்லாத. அநாமதேயம் நேரான வடமொழி இணை என்றாலும், பேச்சில் 'யாரோ ஒரு பேர்வழி' என்ற இளப்பம் ஒட்டிக்கொள்கிறது. மொட்டைக் கடிதாசியில் பழிவாங்கும் வாடை. பெயரிலியில் இரண்டும் இல்லை.

பெயரிலி வேறு, பெயர் மறைத்தவர் வேறு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் கேள்வி ஸ்டிக்கர் வைத்தால், பதிலைப் பகிரும்போது எழுதியவர் பெயர் ஊருக்குத் தெரியாது. கணக்கு வைத்திருப்பவருக்குத் தெரியும். வாட்ஸ்அப் குழு வாக்கெடுப்பில் யார் எதற்கு வாக்களித்தார் என்பது வெளிப்படை. எக்ஸ் தளத்து வாக்கெடுப்பில் தெரியாது. ஆனால் 4 விருப்பங்களுக்கு மேல் வைக்க முடியாது, 7 நாளுக்கு மேல் ஓடாது.

விரிவான பதில் வேண்டுமென்றால் கூகுள் ஃபார்ம்ஸ் இணைப்பைப் பதிவில் கொடுப்பது நல்லது. மின்னஞ்சல் சேகரிப்பை நிறுத்திவிடுங்கள். 'ஒருவருக்கு ஒரு பதில்' என்ற வரம்பு உள்நுழைவு கேட்கும். முகவரி உங்களுக்குக் காட்டப்படாவிட்டாலும், அந்தத் திரையைப் பார்த்ததுமே பலர் திரும்பிவிடுவார்கள். கோப்பு பதிவேற்றும் கேள்வியும் உள்நுழைவு கேட்கும், அதில் எழுதியவர் பெயரும் பதிவாகிவிடும். வரம்பை எடுத்தால் ஒரே ஆள் பலமுறை எழுதலாம், உண்மைதான். குறைகளைக் கண்டறிவது நோக்கமென்றால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மதிப்பெண் சராசரி எடுக்க அந்தத் தரவு உதவாது.

பெயர் கேட்காமலே ஆளைக் காட்டிக்கொடுப்பது பதில்கள் சேரும் விரிதாளின் நேரமுத்திரை, அதாவது பதில் வந்த நேரம். வினாடிவரை பதிவாகும் அதை ரசீது நேரத்தோடு ஒப்பிட்டால் எழுதியவர் யாரென்று ஊகித்துவிடலாம். அந்த நெடுவரிசை இல்லாத பிரதியையே ஊழியர்களுக்குக் கொடுங்கள். வயது, கிளை, வாங்கிய தேதி மூன்றையும் சேர்த்துக் கேட்பதும் ஆபத்து. நான்கைந்து பேரே பதிலளித்த கிளையில் அது பெயர் கேட்பதற்குச் சமம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி இணைப்பு அனுப்பிவிட்டுப் 'பெயர் தேவையில்லை' என்று எழுதுவது அப்பட்டமான ஏமாற்று.

பெயரிலிக்குத் தனியே பதில் அனுப்ப வழியில்லை. ஆகவே எந்தக் குறை வந்தது, என்ன மாற்றினோம் என்பதைக் கேள்வி கேட்ட அதே பக்கத்தில் பொதுப் பதிவாகவே போட வேண்டும்.