ஆர்க்கைவ்: சொல்லின் பொருளும் ஊர் நினைவுகளைக் காக்கும் முறையும்

வாட்ஸப்பில் ஓர் உரையாடலை அழுத்திப் பிடித்து, மேலே வரும் பெட்டிப் படத்தைத் தொட்டால் "ஆர்க்கைவ் ஆயிடுச்சு" என்கிறோம். அங்கே நடப்பது, அந்த உரையாடல் கண்ணில் படாமல் ஒதுங்கிக்கொள்வது மட்டுமே. பேக்கப் எடுக்காத போன் தண்ணீரில் விழுந்தால் ஆர்க்கைவ் செய்ததும் செய்யாததும் சேர்ந்தே போகும். ஊர்ப் படங்களையும் பெரியவர்களின் பேச்சுப் பதிவுகளையும் பொதுவான இணையக் காப்பகம் ஒன்றில் சேர்க்க வருபவர்கள் பலர் இந்த ஒதுக்கிவைக்கும் பொருளோடுதான் வருகிறார்கள். "எல்லாத்தையும் டிரைவ்ல போட்டுட்டோம்" என்பதோடு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். சொல்லின் வேரைப் பார்த்தால் வேலை அங்கேதான் தொடங்குகிறது என்பது தெரியும்.

கிரேக்கத்தில் 'ஆர்க்கே' என்றால் தொடக்கம். ஆட்சி என்றும் பொருள். ஆட்சி செய்யும் அலுவலர் 'ஆர்க்கோன்'. அவர் இருந்த மனை 'ஆர்க்கெய்யோன்'. ஊரின் பத்திரங்கள் அங்கே இருந்தன. அந்தச் சொல் லத்தீன், பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. ஆக, மூலப் பொருளில் அது வெறும் கிடங்கு இல்லை. அங்கே இருக்கும் தாள் சாட்சியாக நிற்கும். அந்த நம்பகம்தான் சொல்லின் உயிர்.

தமிழில் இதற்கு நேரான சொல் ஆவணக்காப்பகம். ஆவணம் என்பதற்குக் கடைத்தெரு என்ற பொருளும் உண்டு, பத்திரம் என்ற பொருளும் உண்டு. அகநானூற்றின் 77ஆம் பாடலில் 'ஆவண மாக்கள்' வருகிறார்கள். கயிற்றால் கட்டிய குடத்தின் மேலுள்ள பொறியை, அதாவது முத்திரையை, முதலில் பார்த்துவிட்டுத்தான் அதை நீக்கி உள்ளேயிருக்கும் ஓலையை எடுக்கிறார்கள். பெரியபுராணத்தில் சுந்தரர் திருமண வழக்கு நமக்கு இன்னும் பயன்படும். சுந்தரர் தன் அடிமை என்று ஒரு கிழவேதியர் ஓலை காட்ட, சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிக்கப்பட்டது படியோலை, அதாவது நகல், மூலவோலை தன்னிடம் இருக்கிறது என்று கிழவேதியர் சொல்கிறார். அவையோர் சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்துக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். மூலம், படி, ஒப்புநோக்கு என்று ஆவணக்காப்பகத்தின் மூன்று தூண்களும் அந்த ஒரு காட்சியில் இருக்கின்றன.

சென்னை எழும்பூரில் 1909இல் ரெக்கார்டு ஆபீஸாக எழுந்ததுதான் இன்றைய தமிழ்நாடு ஆவணக்காப்பகம். அரசுத் தாள்களுக்கு அந்தப் பெயர் பொருந்தும். ஒரு குடும்பமோ ஊரோ சேர்ந்து நடத்துவதற்கு 'ஊர் நினைவுக் காப்பகம்' என்பதே எங்கள் பரிந்துரை. வினைச்சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். ஆவணப்படுத்துவது என்றால் பதிவு செய்வது. காப்பகப்படுத்துவது என்றால் பதிவு செய்ததை விவரத்தோடு, மாறாமல், மறுபடி எடுக்கும்படி வைப்பது. முதலாவதைச் செய்ய ஒரு மாலை போதும். இரண்டாவதற்கு முடிவு கிடையாது.

விவரம் என்றால் என்ன என்பதை தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நடுகல்லைக் காட்டியே விளக்கலாம். தர்மபுரி அகழ்வைப்பகத்தில் இருக்கும் கற்களைப் போய்ப் பாருங்கள். எழுத்துள்ள பழைய கற்களில் பெரும்பாலும் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் முதலில் வரும். பிறகு ஊர், வீரன் பெயர். 'தொறு' எனப்படும் ஆநிரையைக் கவர்ந்தபோதா, மீட்டபோதா என்ற சேதி. 'பட்டான்', அதாவது இறந்தான், என்ற முடிவு. யார், எங்கே, எப்போது, எப்படி என்ற நான்கும் சில வரிகளுக்குள் அடங்கியிருக்கும். எழுத்தில்லாத கல்லில் வில்லும் வாளும் தெரியும். வீரன் யாரென்று தெரியாது. பெயர் எழுதாத போட்டோவும் அந்த எழுத்தில்லாத கல்தான். மெட்டாடேட்டா என்று கணினிக்காரர்கள் சொல்வதை மீதரவு, மேனிலைத் தரவு என்றெல்லாம் பெயர்க்கிறார்கள். ஊரில் சொல்லிப் புரியவைக்க 'விவரக்குறிப்பு' போதும்.

நம் மாவட்டங்களில் விவரக்குறிப்பு தடுமாறும் முதல் இடம் மாவட்டப் பெயரே. 1965 அக்டோபர் 2இல் தர்மபுரி தனி மாவட்டம் ஆகும் வரை இந்தப் பகுதி முழுவதும் சேலம் மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004 பிப்ரவரி 9இல். ஆகவே 1960ஆம் ஆண்டு ஊத்தங்கரைத் தபால் கார்டில் 'சேலம் ஜில்லா' என்றிருக்கும். 1990ஆம் ஆண்டு பர்கூர்க் கல்யாணப் பத்திரிகையில் 'தர்மபுரி மாவட்டம்' என்றிருக்கும். இரண்டுமே சரி, திருத்தக் கூடாது. 'அன்று' என்று ஒரு கட்டம், 'இன்று' என்று ஒரு கட்டம் வைத்து இரண்டையும் எழுதுங்கள். தர்மபுரி, தருமபுரி என்ற இரண்டு எழுத்துமுறைகளையும் தேடுசொற்களில் சேருங்கள். ஒன்றை மட்டும் போட்டால் மற்றதைத் தட்டித் தேடுபவருக்குப் படம் கிடைக்காமலே போகலாம்.

காலத்தைக் கேட்டால் பெரியவர்கள் ஆண்டுக் கணக்கில் சொல்ல மாட்டார்கள்.

"ஆயா, இந்த போட்டோல குடை புடிச்சிட்டு நிக்கிறது யாரு?"

"அது உங்க தாத்தாவோட தம்பி. டேம் தொறந்த வருசம் எடுத்தது."

இதைக் கேட்டதும் 1957 என்று மட்டும் எழுதிவிடுவது பெரும் பிழை. கிருஷ்ணகிரி அணை திறந்த ஆண்டு 1957 என்பது நம் கணிப்பு. அவர் சொன்னது வேறு. குறிப்பு இப்படி இருக்கட்டும்: 'சொன்னது: டேம் தொறந்த வருசம். கணித்தது: 1957. படத்தில், இடமிருந்து வலம்: முதலாமவர் பெயர் தெரியவில்லை; இரண்டாமவர், குடையுடன், சொன்னவரின் கொழுந்தனார். இடம், அன்று: சேலம் மாவட்டம். இன்று: கிருஷ்ணகிரி மாவட்டம். சொன்னவர், கேட்டவர், கேட்ட நாள்.' பெயர் தெரியாதவருக்கும் ஓர் இடம் விட்டு வையுங்கள். பின்னால் இன்னொருவர் வந்து நிரப்புவார். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் அவ்வாவிடம் தெலுங்கிலும் அஜ்ஜியிடம் கன்னடத்திலும் கேட்டு, அவர்கள் பேசிய மொழியிலேயே பதிவை வைத்துக்கொள்ளுங்கள். தமிழாக்கம் தனிக் கோப்பாகப் பக்கத்தில் இருக்கட்டும்.

படத்தை ஸ்கேன் செய்ய 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, போதும். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200 வையுங்கள். நாலுக்கு ஆறு அங்குலப் படம் 600இல் 2400க்கு 3600 புள்ளிகள் வரும். சுருக்காத டிஃப் கோப்பாக ஏறத்தாழ 26 எம்பி. இதுதான் மூலவோலை. இணையத்தில் காட்டும் ஜேபெக் படியோலை. கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், மேல்பூச்சு உரிந்து முகமே போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதினால் போதும்.

படத்தை வாட்ஸப்பில் படமாகவே அனுப்பச் சொல்லாதீர்கள். அது படத்தைச் சுருக்குகிறது. கோப்புக்குள் கேமரா எழுதிய நாள், நேரம், இடக் குறிப்புகளையும் நீக்கிவிடுகிறது. பிறகு கோப்புப் பெயரில் நிற்கும் தேதி படம் எடுத்த நாளாக இருக்காது. வாட்ஸப்பில் வந்து போன நாளாக இருக்கும். 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்பினால் கோப்பு அப்படியே வரும். பேச்சுப் பதிவுக்கும் வாட்ஸப் வாய்ஸ் வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ வேவ் கோப்பு மணிக்கு ஏறக்குறைய 520 எம்பி எடுக்கும். அந்த இடத்தைக் கொடுக்கத் தயங்காதீர்கள். பதிவின் தொடக்கத்திலேயே பெயர், ஊர், நாள் மூன்றையும் வாயால் சொல்லவைத்துவிட்டால் குறிப்புத் தாள் தொலைந்தாலும் பதிவே பேசும். இணையத்தில் போட இசைவா, குடும்பத்துக்குள் மட்டுமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.

மூன்று படிகள் (நகல்கள்), இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில் என்பது பழகிய கணக்கு. கிருஷ்ணகிரியில் ஒரு ஹார்டு டிஸ்க், உறவினர் வீட்டில் இன்னொன்று, இணையத்தில் ஒன்று என்று வைக்கலாம். ஒரே நிறுவனத்தின் தளத்தை மட்டும் நம்பக் கூடாது. ஆர்குட் 2014 செப்டம்பர் 30இல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் பொதுப் பயனர்களுக்கு 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. தானாக ஒத்திசையும் டிரைவும் தனிப் படி ஆகாது, ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும்.

படிகள் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்க்க ஷா-256 என்னும் சரிபார்ப்புக் குறியீடு உண்டு. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த 64 எழுத்துக் கோவை முற்றிலும் வேறாகிவிடும். ஆவண மாக்கள் பார்த்த பொறி செய்த வேலையை இன்று இது செய்கிறது. விண்டோஸில் 7-ஜிப் நிறுவியிருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்தாலே கிடைக்கும். பட்டியலாக எழுதி வைத்து, ஆண்டுக்கொரு முறை ஒப்பிடுங்கள்.

கடைசியாக, எழுத்துரு. டிடிபி சென்டர்களில் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த ஊர்த் திருவிழா மலர்களும் இரங்கல் மலர்களும் இங்கே ஏராளம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வரும். எழுத்துரு இருக்கும் கணினியிலேயே முதலில் பிடிஎஃப் ஆக்கி, அதன்பின் யூனிகோடுக்கு மாற்றி, இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கொம்பும் ஒற்றுப் புள்ளியும் இடம் மாறியிருக்கும், ஊர்ப்பெயர்களும் ஆள் பெயர்களும்தான் முதலில் கெடும். மாற்றிய பிறகும் பழைய கோப்பை அழிக்காதீர்கள். ஒரு பெயரில் சந்தேகம் வந்தால் மூலவோலையைத்தான் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.