தக்காளியின் சிவப்பு நம் தோலுக்குள் என்ன செய்கிறது?

வெயிலில் தோல் சிவந்து எரிவதற்குச் சூடுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் அது புற ஊதாக் கதிரின் வேலை. அதில் யுவிபி, யுவிஏ என்று இரண்டு வகை நம்மை எட்டுகின்றன. யுவிபி கதிர் பெரும்பாலும் மேல்தோலோடு நின்று, அங்குள்ள செல்களின் டிஎன்ஏவை நேரடியாகச் சிதைக்கும். யுவிஏ இன்னும் ஆழமாக இறங்கி ஆக்ஸிஜனைக் கிளறிவிடும். கிளறப்பட்ட ஆக்ஸிஜன் கொழுப்பு, புரதம் என்று எது கிடைத்தாலும் தாக்கும். தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்ற புரதம் நைந்து சுருக்கம் விழுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

சாப்பாட்டால் உதவ முடிவது முக்கியமாக இங்கேதான். தக்காளிக்குச் சிவப்பு தரும் லைக்கோபீனைப் பாருங்கள்: நீளமான கார்பன் சங்கிலி, அதில் ஒன்று விட்டு ஒன்றாக 11 இரட்டைப் பிணைப்புகள். அந்த வரிசை நெடுக எலக்ட்ரான்கள் பரவிக் கிடப்பதால்தான் அந்த நிறமே வருகிறது, அதே அமைப்புதான் கிளர்ந்த ஆக்ஸிஜனின் கூடுதல் ஆற்றலைத் தான் வாங்கி, வெப்பமாக வெளியே விட்டுவிட்டு, பெரும்பாலும் உடையாமல் அடுத்த தாக்குதலுக்குத் தயாராகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

2001இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் தன்னார்வலர்கள் தினமும் 40 கிராம் தக்காளி விழுதை 10 கிராம் ஆலிவ் எண்ணெயோடு சாப்பிட்டார்கள். 4 வாரத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. 10 வாரம் கழித்து, புற ஊதா ஒளி பட்ட தோல், வெறும் எண்ணெய் சாப்பிட்டவர்களைவிட 40 சதவீதம் குறைவாகச் சிவந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் அந்தத் தாமதம் கவனிக்க வேண்டியது: லைக்கோபீன் குடல், இரத்தம் என்று பயணித்துத் தோலில் சேர வாரக்கணக்கில் ஆகும், அதனால் கடற்கரைக்குப் போகும் அன்று காலையில் சாப்பிட்டுப் பயனில்லை.

சரி, பச்சையாகச் சாப்பிடலாமா? சாப்பிடலாம், ஆனால் சமைத்தால் லாபம் அதிகம். தக்காளி வதங்கும்போது ஓரத்தில் பிரியும் எண்ணெய் செம்மஞ்சளாக மாறுகிறதே, செல் சுவர் உடைந்து லைக்கோபீன் கொழுப்பில் கரைந்துவிட்டதன் அடையாளம் அது. உடலும் அதை அப்படித்தான் எளிதாக உறிஞ்சும்.

ஆனாலும் 40 சதவீதம் குறைவு என்றால் மீதி 60 சதவீதச் சிவப்பு அப்படியே இருந்தது என்றுதான் பொருள். எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீனைச் சரியாகப் பூசினால் எரிக்கும் கதிரில் முப்பதில் ஒரு பங்குதான் உள்ளே போகும், எந்த உணவும் அதற்கு ஈடாகாது. அப்புறம், மாத்திரை வேறு கதை. ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் 1990களில் நடந்த சோதனையில், லைக்கோபீனின் உறவான, கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினைத் தினமும் 30 மில்லிகிராம் விழுங்கியும் தோல் புற்றுநோய் குறையவில்லை, தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்கு அதில் ஒரு வகை தெளிவாகக் குறைந்தது. புகைபிடிப்பவர்கள் அந்த மாத்திரையைத் தொடவே வேண்டாம்: 1994இல் வெளியான பின்லாந்து ஆய்வில், அதைச் சாப்பிட்ட புகைப்பிடிப்பாளர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது.