குரு மெடிட்டேஷன்: தியானத்தில் இருப்பது யார்?

சென்ற மாதம் ஓர் இரவு, செய்தித்தளம் ஒன்றைத் திறந்தேன். வெள்ளைப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'எரர் 503' என்று வந்தது. அதன் கீழே 'பேக்எண்ட் ஃபெட்ச் ஃபெயில்டு'. அதற்கும் கீழே 'குரு மெடிட்டேஷன்', பிறகு எக்ஸ்.ஐ.டி. என்று ஒரு நீள எண். பின்னாலிருந்து எட்டிப்பார்த்த அம்மா, "என்னடா இது, சாமியார் தளமா? தியானம் பண்ணச் சொல்லுதா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. குரு தியானம் செய்கிறாரா, குருவை நினைத்து நாம் செய்ய வேண்டுமா, 'குருவே, தியானம் செய்யும்' என்று யாரையோ அழைக்கிறதா? எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம்.

இந்தச் சொற்றொடர் இணையத்தில் பிறந்ததல்ல. 1980களின் தொடக்கத்தில் அமிகா என்ற அமெரிக்க நிறுவனம், அட்டாரி 2600 விளையாட்டுக் கருவிக்காக 'ஜாய்போர்டு' என்ற பலகையைச் செய்தது. அதன்மேல் ஏறி நின்று, உடலை இப்படியும் அப்படியும் சாய்த்து விளையாட வேண்டும். அங்கிருந்த நிரலாளர்கள், நிரல் படுத்துவிடும்போதெல்லாம் அந்தப் பலகையில் சம்மணமிட்டு, அது சற்றும் சாயாமல் அசையாது உட்கார்ந்து மனதை ஆற்றிக்கொள்வார்களாம். அந்த வேடிக்கைதான் 1985இல் வெளிவந்த அமிகா கணினியின் பிழைச்செய்திக்குப் பெயராயிற்று.

கணினி நிலைகுலைந்தால் கருந்திரையின் மேற்பகுதியில் சிவப்புச் சட்டம் ஒன்று மினுங்கும். உள்ளே, மென்பொருள் செயலிழந்தது, 'தொடர' இடப்பக்க மவுஸ் பொத்தானை அழுத்துங்கள் என்றிருக்கும். அடுத்த வரியில் குரு மெடிட்டேஷன், புள்ளியால் பிரித்த இரண்டு எட்டிலக்க எண்கள். முதல் எண் நோய், இரண்டாவது பெரும்பாலும் அப்போது ஓடிக்கொண்டிருந்த பணியைக் காட்டும் நினைவக முகவரி. 81000005 என்று வந்தால், தொடக்கத்திலுள்ள 8 'இனி மீள வழியில்லை' என்கிறது. முழு எண்ணும் சேர்ந்து, நினைவகப் பட்டியல் சிதைந்துவிட்டது என்கிறது. தெரிந்தவருக்கு இது பிழையின் ஜாதகம். மற்றவருக்கோ அந்த 'தொடர' என்ற சொல்தான் பொறி. அழுத்தினால் விட்ட வேலை தொடராது. கணினி முதலிலிருந்து கிளம்பும், சேமிக்காத எல்லாம் போய்விடும். குருவைக்கூட விட்டுவிடலாம், இந்தத் 'தொடர' எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. பதறி நிற்பவரிடம் சொல்லும் சொல்லில் அவ்வளவு இரட்டைப்பொருள் கூடாது. பின்னாளில், தன் இயங்குதளத்தின் 2.04 பதிப்பிலிருந்து, அமிகாவே 'குரு'வை நீக்கிவிட்டது.

ஆனால் நிரலாளர்கள் அந்தப் பெயரை மறக்கவில்லை. 2006இல் வந்த 'வார்னிஷ்' என்ற மென்பொருள் அதை எடுத்துக்கொண்டது. மரச்சாமானுக்குப் பூசும் வார்னிஷ் போல, தளத்துக்கு முன்னால் ஒரு பூச்சாக நின்று, பக்கங்களின் நகல்களை வைத்துக்கொண்டு சட்டென்று எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. நகல் இல்லாதபோது பின்னாலுள்ள சர்வரிடம் கேட்கும். அங்கிருந்து பதில் வராவிட்டால் 503ஐக் காட்டும். எக்ஸ்.ஐ.டி. என்பது நம்முடைய அந்த ஒரு கோரிக்கைக்கு அது இட்ட வரிசை எண். தளத்தைப் பராமரிப்பவர் பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடினால் எங்கே அறுந்தது என்று தெரிந்துவிடும். இன்று கல்லூரி மாணவர்கள் கையாளும் இ.எஸ்.பி.32 சிப்பும் நிலைகுலைந்தால் இதே பெயரைத்தான் அச்சிடுகிறது.

இனி சொற்கள். 'குரு' வடசொல், கனமானது என்பது அடிப்படைப் பொருள், அதிலிருந்து பெரியவர், ஆசான். ஆங்கிலத்தில் கணினிக்காரர்கள் அதைக் கரைகண்ட வல்லுநர் என்ற பொருளில் வழங்குகிறார்கள். 'மெடிட்டேஷன்' ஆழ்ந்து எண்ணுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. 'தியானம்' என்பதன் வேரும் எண்ணுதல்தான். அந்தச் சொல்தான் சீனத்தில் 'சான்' ஆகி, ஜப்பானில் 'ஜென்' ஆனது. தனித்தமிழில் 'ஊழ்கம்' என்கிறோம்.

'ஆசான் ஊழ்கம்' என்று பெயர்த்தால் முடிந்ததா? முடியவில்லை, மயக்கமும் கூடவே வருகிறது. வேற்றுமை உருபு மறைந்த தொகைகள் பல பொருளுக்கு இடம்கொடுக்கும் என்பதை நம் இலக்கணம் எப்போதோ கவனித்திருக்கிறது. நன்னூலுக்கு உரை கண்டவர்கள், 'தெய்வ வணக்கம்' என்பதைத் தெய்வத்தை வணங்கும் வணக்கம், தெய்வத்திற்கு வணங்கும் வணக்கம் என்று இரண்டாக விரிப்பார்கள்; 'சொற்பொருள்' ஏழாக விரியும். 'குரு தியானம்' அதே குடும்பம். அம்மாவுக்கு வந்த குழப்பம் இலக்கணம் அறிந்த குழப்பம்!

மயக்கம் தீர வேண்டுமானால் மறைந்த உருபை வெளியே எடுக்க வேண்டும். அந்த எண் யாருக்காக என்பதுதான் கேள்வி. ஆகவே என் பரிந்துரை 'வல்லுநருக்கான குறிப்பெண்'. நான்காம் வேற்றுமையின் அந்த ஒரு 'கு' போதும், எண் உங்களுக்குரியதல்ல, பழுதுபார்ப்பவருக்கு எடுத்துச்சொல்ல வேண்டியது என்று விளங்கிவிடும்.

மேலே ஒரு வரியும் வேண்டும். 'உங்கள் பக்கம் பிழை இல்லை' என்று முதலில் எழுதிப்பார்த்தேன். பக்கம் என்பது தரப்பா, இணையப் பக்கமா? பிழைச்செய்தியில் நின்றுகொண்டு 'பக்கத்தில் பிழையில்லை' என்றால் யார் நம்புவார்! மாற்றி எழுதியது இது: 'எங்கள் சர்வரிலிருந்து பதில் வரவில்லை. உங்கள் கணினியிலும் இணைப்பிலும் கோளாறு இல்லை. சிறிது நேரம் கழித்து மீண்டும் திறந்து பாருங்கள். வல்லுநருக்கான குறிப்பெண்:' அதற்குப் பிறகு எண்.